சென்னை ஓப்பன் என்றால் எந்தச் சென்னை ஓப்பன்? ஒரு சேலஞ்சர் போட்டியின் வரலாற்றைத் தொகுப்பது எப்படி

டென்னிஸில் கிராண்ட்ஸ்லாம் வரலாற்றை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார்கள். சேலஞ்சர் என்கிற இரண்டாம் அடுக்குப் போட்டியின் வரலாறுதான் படுத்தும். இன்று இந்த ஊரில் நடக்கும், அடுத்த வருடம் நடக்காது, திரும்பி வரும்போது வேறு பெயரில் வரும், பரிசுத்தொகை மாறியிருக்கும். இப்படி ஒரு போட்டியின் கதையை முறையாகத் தொகுப்பது எப்படி என்பதற்கு சென்னை சேலஞ்சரையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் இதைவிடக் குழப்பமான உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

முதல் வேலை, பெயரை நம்பாமல் இருப்பது. சென்னை ஓப்பன் என்று தேடினால் சுவிஸ் வீரர் வாவ்ரிங்கா கோப்பையோடு சிரிக்கும் படம் வந்து நிற்கும். 2011, 2014, 2015, 2016 என்று அவர் இங்கே ஜெயித்தது உண்மைதான், ஆனால் அது சேலஞ்சர் அல்ல, அதற்கு மேலே உள்ள ஏடிபி (ஆண்கள் டென்னிஸை நடத்தும் அமைப்பு) டூர் போட்டி. 1996ல் டெல்லியில் தொடங்கி, 1997ல் நுங்கம்பாக்கத்துக்கு வந்து, 2017 வரை இங்கே நடந்து, 2018ல் புனேவுக்குப் போய்விட்ட போட்டி அது. கோல்டு ஃப்ளேக் ஓப்பன், டாடா ஓப்பன், ஏர்செல் சென்னை ஓப்பன் என்று ஸ்பான்சர் மாற மாறப் பெயரும் மாறியது. 1998ல் பாட்ரிக் ரஃப்டர் ஜெயித்தது, 2004லும் 2005லும் கார்லோஸ் மோயா ஜெயித்தது, 2008 இறுதிப்போட்டியில் மிகைல் யூஷ்னி நடாலை 6-0, 6-1 என்று சுருட்டியது (முந்தின நாள்தான் நடால் மோயாவோடு ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆடியிருந்தார், பாவம்) எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். அந்தக் கதைகள் எனக்கும் பிடிக்கும், ஆனால் சேலஞ்சர் தொகுப்பில் அவற்றுக்கு இடம் இல்லை.

இது போதாதென்று மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 2022 செப்டம்பரில் அதே நுங்கம்பாக்கம் மைதானத்தில் சென்னை ஓப்பன் என்ற அதே பெயரில் பெண்களுக்கான டபிள்யூடிஏ 250 போட்டி நடந்தது, செக் வீராங்கனை லிண்டா ஃப்ருவிர்தோவா இறுதியில் மக்டா லினெட்டை வென்றார். அது 2025ல் மறுபடி நடந்தபோது இந்தோனேசியாவின் ஜேனிஸ் டிஜென் கோப்பையைத் தூக்கினார். ஆக, மைதானமும் ஒன்று, பெயரும் ஒன்று, போட்டிகள் மட்டும் மூன்று. செய்தித் தலைப்பை வைத்துப் பிரிக்கவே முடியாது. எப்படிப் பிரிப்பது என்றால், சாம்பியனுக்கு எத்தனை தரவரிசைப் புள்ளிகள் கிடைத்தன என்று பாருங்கள். ஆண்கள் போட்டியில் சாம்பியனுக்கு 250 என்றால் அது டூர், 80, 100, 125 மாதிரி எண் என்றால் சேலஞ்சர். பெயர் பொய் சொல்லும், இது சொல்லாது.

ஆனால் 2009க்கு முந்தைய போட்டிகளைத் தொட்டால் கொஞ்சம் கவனம். அந்த வருடம் ஏடிபி தன் புள்ளிக் கணக்கையே ஏறக்குறைய இரட்டிப்பாக்கியது, கிராண்ட்ஸ்லாம் வென்றால் 1000 என்று இருந்தது 2000 ஆனது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கதை கந்தலாகிவிடும்.

சரி, பிரித்தாயிற்று. எனக்கு நிச்சயமாகத் தெரிந்த வரை சேலஞ்சர் பட்டியலில் நிற்பவை இவைதான்: 2014ல் யூகி பாம்ப்ரி, 2018ல் ஆஸ்திரேலியாவின் ஜோர்டான் தாம்சன், 2019ல் பிரான்சின் கொரன்டின் மூட்டே, 2023ல் ஆஸ்திரேலியாவின் மேக்ஸ் பர்செல், 2024ல் சுமித் நாகல், 2025ல் மறுபடி ஒரு பிரெஞ்சுக்காரர், கிரியன் ஜாக்கே. இதில் 2014 ஆட்டத்தைக் கவனியுங்கள், அந்த வருடம் டூர் போட்டியும் சென்னையில் நடந்தது. ஜனவரியில் வாவ்ரிங்கா, பிப்ரவரியில் யூகி. ஒரே ஊர், ஒரே வருடம், இரண்டு சாம்பியன்கள். அதனால் வருடம் மட்டும் குறித்தால் போதாது, எந்த வாரம் என்பதையும் கட்டாயம் எழுதி வையுங்கள்.

அடுத்து அட்டவணை போடுங்கள். வருடம், வாரம், எந்த ரகச் சேலஞ்சர், பரிசுத்தொகை, டிராவில் (யார் யாரோடு மோதுவது என்ற பட்டியலில்) எத்தனை பேர், இறுதியில் யார் யார். ரகம் என்ற பத்தியில்தான் பலர் சறுக்குவார்கள், ஏனென்றால் அதன் பெயரிடும் முறையே மாறிக்கொண்டிருக்கிறது. 2018 வரை பரிசுத்தொகையை வைத்து, ஐம்பதாயிரம் டாலர் சேலஞ்சர் என்கிற மாதிரி சொல்வார்கள். 2019ல் அதைத் தூக்கிவிட்டு சாம்பியனுக்குக் கிடைக்கும் புள்ளியையே பெயராக்கினார்கள், அதனால் அந்த வருடச் சென்னைப் போட்டி சேலஞ்சர் 80. 2023ல் மறுபடி மாற்றி 50, 75, 100, 125, 175 என்று அடுக்கினார்கள், 2024ல் நாகல் ஜெயித்தது சேலஞ்சர் 100. 80லிருந்து 100 ஆனதைப் பார்த்து சென்னைப் போட்டி வளர்ந்துவிட்டது என்று உடனே எழுதிவிடாதீர்கள், இடையில் அந்த ஏணியையே மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்.

டிராவிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சேலஞ்சர் ஒற்றையர் பிரிவில் வழக்கமாக 32 பேர். 2019ல் அதை 48 ஆக்கி, தகுதிச் சுற்றை நான்கே பேருக்குச் சுருக்கிப் பார்த்தார்கள், 2020 தொடக்கம் வரை அப்படியே ஆடிவிட்டு அந்த வருடமே 32க்குத் திரும்பிவிட்டார்கள். அதனால் 2019 டிராவில் தரவரிசையில் முன்னால் இருந்த 16 பேர் நேராக இரண்டாம் சுற்றுக்குப் போயிருப்பார்கள், ஒருவர் இரண்டாம் சுற்றில் தோற்றார் என்று இருந்தால் அது அவருடைய முதல் ஆட்டமாகவே இருக்கலாம். மற்ற வருடங்களில் அப்படி இல்லை. சுற்றின் பெயரை எழுதாமல் ஜெயித்த ஆட்டங்களை எண்ணி எழுதினால் இந்தக் குழப்பம் வராது.

தகவல் எங்கே கிடைக்கும்? ஏடிபி தளத்தின் பழைய முடிவுகள் பகுதியில் தொடங்குங்கள், வருடத்தைத் தேர்ந்தெடுத்து சேலஞ்சர் என்று வடிகட்டினால் டிரா வரும். கிடைத்ததும் இறக்கி உங்கள் கணினியில் வைத்துக்கொள்ளுங்கள், போட்டியின் சொந்த இணையதளம் அடுத்த வருடம் இருக்கும் என்று நம்ப வேண்டாம், பெரும்பாலும் புதுப் பதிப்பு வந்ததும் பழையது காணாமல் போய்விடும். அப்புறம் நாளிதழ்கள். தேசிய நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தை விட சென்னைப் பதிப்பின் உள்ளூர்ச் செய்திகள்தான் இதற்கு உதவும், வைல்ட் கார்டு (தரவரிசை போதாவிட்டாலும் நடத்துகிறவர்கள் தரும் நேரடி இடம்) யாருக்குக் கொடுத்தார்கள், கூட்டம் வந்ததா இல்லையா என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். வீரர்களின் பெயரை ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள், மூட்டே என்றும் மவுடெட் என்றும் இருந்தால் இரண்டு பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சேலஞ்சர் வரலாற்றைச் சாம்பியன் பட்டியலோடு நிறுத்தினால் சாரத்தை விட்டுவிட்டுச் சக்கையை வைத்துக்கொண்ட மாதிரி. இந்த அடுக்கில் ஆடுகிறவர்கள் யாரும் இங்கேயே இருக்க ஆடுவதில்லை, வெளியேறத்தான் ஆடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் அடுத்த இரண்டு மாதம் என்ன நடந்தது என்று தேடுங்கள், குறிப்பாகத் தோற்றவர்களுக்கு.

2018 பிப்ரவரியில் சென்னை இறுதியில் யூகி மூன்று செட் போராடித் தாம்சனிடம் தோற்றார். மார்ச்சில் அமெரிக்காவில் நடக்கும் பெரிய டூர் போட்டியான இந்தியன் வெல்ஸில் தகுதிச் சுற்று ஆடி உள்ளே போனவர், அப்போது உலகின் 12ஆம் இடத்தில் இருந்த லூக்கா பூய்யை வீழ்த்தினார். 2024 பிப்ரவரியில் லூக்கா நார்டி என்ற இத்தாலிய இளைஞர் சென்னை இறுதியில் நாகலிடம் 6-1, 6-4 என்று தோற்றார். அடுத்த மாதம் அதே இந்தியன் வெல்ஸில் தகுதிச் சுற்றில் தோற்று, லக்கி லூசராக (வேறொருவர் விலகியதால் கிடைத்த இடத்தில்) உள்ளே நுழைந்து, முதலிடத்தில் இருந்த ஜோகோவிச்சை மூன்று செட்டில் வென்றார். நுங்கம்பாக்கத்தில் அவர் ஆடிய ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் அந்தச் செய்தியை எப்படிப் படித்திருப்பார்கள்! சாம்பியன்களை மட்டும் எழுதியிருந்தால் நார்டி உங்கள் தொகுப்பில் வந்திருக்கவே மாட்டார்.

ஜெயித்தவர்களுக்கும் இதே விசாரணைதான். நாகல் அந்த ஒரு வாரத்தால் தரவரிசையில் 98ஆம் இடத்துக்கு வந்து முதல் நூறுக்குள் நுழைந்தார். அதற்கு முந்தைய மாதம் ஆஸ்திரேலிய ஓப்பனில் புப்லிக்கை வென்றபோதுகூட அது நடக்கவில்லை. 2019ல் சென்னைக்காரரான பிரஜ்னேஷ் குணேஸ்வரன் கோப்பையை வெல்லவில்லை, அரையிறுதியோடு சரி, ஆனால் அதுவே அவரை 97ஆம் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டது. நூறுக்குள் இருந்தால் பெரும்பாலும் தகுதிச் சுற்று ஆடாமலே கிராண்ட்ஸ்லாமுக்குள் போகலாம், முதல் சுற்றில் தோற்றால்கூடக் கிடைக்கும் பணம் ஒரு சேலஞ்சர் கோப்பைக்குக் கிடைப்பதை விடப் பல மடங்கு. சென்னையில் ஓர் அரையிறுதி என்பதன் மதிப்பு அங்கே இருக்கிறது. தரவரிசையைக் குறிக்கும்போது போட்டி தொடங்கிய திங்கட்கிழமை எண்ணையும் முடிந்த பிறகு வரும் திங்கட்கிழமை எண்ணையும் இரண்டு பத்திகளில் போடுங்கள்.

பர்செலின் 2023 வேறு ரகம். 2022 விம்பிள்டன் இரட்டையர் சாம்பியனாக இருந்தவர், ஒற்றையரில் புள்ளி சேர்க்கச் சென்னைக்கு வந்து, நிக்கோலஸ் மொரேனோ டி அல்போரானோடு மூன்று செட் இழுத்த இறுதியில் ஜெயித்து, அப்படியே பெங்களூரு, புனே என்று அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் இரண்டு சேலஞ்சரையும் அள்ளிக்கொண்டு போனார். இதை எழுத வேண்டுமானால் சென்னையைத் தனியாக வைத்து எழுத முடியாது. ஆஸ்திரேலிய ஓப்பன் முடிந்ததும் பிப்ரவரியில் இந்தியாவில் வரிசையாக சேலஞ்சர்கள் வைப்பதே, ஒரு விமானக் கட்டணத்தில் மூன்று நான்கு போட்டி ஆடலாம் என்று வீரர்களை இழுக்கத்தான். அதனால் பக்கத்து வாரப் போட்டிகளின் டிராவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி நடக்காத வருடங்களையும் வெட்கப்படாமல் அட்டவணையில் போடுங்கள், வெற்றுக் கட்டமாகவே இருக்கட்டும். 2020 முதல் 2022 வரையிலான இடைவெளியில் கொரோனாவுக்குப் பங்கு உண்டு, ஆனால் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்ட வேண்டாம். சேலஞ்சரில் டிவி வருமானம் பெரிதாகக் கிடையாது, பரிசுப் பணமும் வீரர்களின் ஹோட்டல் செலவும் நடத்துகிறவர் கையைக் கடிக்கும், ஸ்பான்சரோ அரசோ டென்னிஸ் சங்கமோ முன்வராத வருடம் போட்டி சத்தமில்லாமல் நின்றுவிடும்.

கடைசியாக, இரட்டையரை விட்டுவிடாதீர்கள், எல்லோரும் விடுவது அதைத்தான். 2024ல் நாகல் ஒற்றையரை வென்ற அதே வாரத்தில் இரட்டையரில் சாகேத் மைனேனியும் சென்னையின் ராம்குமார் ராமநாதனும் ஜெயித்தார்கள். ஸ்கோர் எழுதும்போது, சேலஞ்சர் இரட்டையரில் மூன்றாவது செட்டுக்குப் பதிலாகப் பத்துப் புள்ளி டைபிரேக் ஆடுவார்கள் என்பது நினைவிருக்கட்டும். சில தளங்கள் அதை 1-0 என்று மட்டும் போட்டிருக்கும், டைபிரேக்கில் எத்தனை புள்ளி என்பதை டிரா தாளில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.