ஒற்றை நட்சத்திர மிரட்டலுக்குக் காசு அனுப்பாதீர்கள்

எல்லவிலோ நுவரெலியாவிலோ கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறீர்களா? ஒரே இரவில் கூகுள் மேப்பில் ஏழெட்டு ஒற்றை நட்சத்திர ரிவியூ விழும். "அறையில் மூட்டைப்பூச்சி" என்று எழுதியவர் உங்கள் கேட்டைக்கூடக் கண்டிருக்க மாட்டார். விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வரும்: காசு போட்டால் நீக்குகிறோம்.

போடாதீர்கள். கொடுத்தால் அடுத்த மாதமும் கேட்பான். பேரம் வேண்டாம், கோபத்தில் அந்த மெசேஜை அழித்துவிடவும் வேண்டாம், அதுதான் சாட்சி. இலக்கமும் திகதியும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். இப்படி மிரட்டிப் பணம் கேட்பதை முறையிடவே கூகுளில் தனிப் படிவம் உண்டு, அதில் இணையுங்கள். அப்புறம் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச அமைப்பான இலங்கை சேர்ட்டின் (CERT) 101க்கு அழைத்துவிட்டு, பொலிஸிலும் ஒரு முறைப்பாடு. ரிவியூவுக்குக் கீழே, "இந்தப் பெயரில் இங்கு யாரும் தங்கவில்லை" என்று ஒரு வரி போதும், சண்டை வேண்டாம். அறை தேடுபவர் அதையும் வாசிப்பார்.