லெனின்கிராட் செலினியம் ஒளிமானியைப் பழகும் முறை

சோவியத் காலத்து ஒளிமானிகளில் (படமெடுக்கும் முன் வெளிச்சத்தை அளக்கும் கருவிகளில்) இன்றும் எளிதாகக் கிடைப்பவை லெனின்கிராட் வரிசையைச் சேர்ந்தவை. லெனின்கிராட் (இன்றைய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்) நகரின் விப்ராட்டர் என்னும் மின் அளவைக் கருவித் தொழிற்சாலை இவற்றைத் தயாரித்தது. இங்கே விளக்கப்படும் முறை லெனின்கிராட்-4 போன்ற செலினியம் மானிகளுக்கு உரியது. லெனின்கிராட்-6, ஸ்வெர்ட்லோவ்ஸ்க்-4 ஆகியவை மின்கலத்தால் இயங்குபவை. பிந்தையதற்குரிய பாதரச மின்கலங்கள் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை என்பதால் அது தனிப் பாடம்.

செலினியம் மானிக்கு மின்கலமே தேவையில்லை. முகப்பில் தேன்கூடு போன்ற கண்ணாடிக்குப் பின்னால் உலோகத் தகட்டின் மேல் படிந்திருக்கும் செலினியம், தன்மேல் விழும் ஒளிக்கேற்பச் சிறிதளவு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அம்மின்னோட்டமே முள்ளை நகர்த்துகிறது. கருவியின் எளிமையும் அதன் பலவீனமும் இந்த ஓர் அமைப்பிலிருந்தே வருகின்றன. ஈரம் புகுந்தாலோ தகட்டின் தொடர்புமுனைகள் அரித்துப்போனாலோ மின்னோட்டம் குறையும். முள் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே, பழைய மானியைப் பழகுவது என்பது பெரும்பாலும் அது எவ்வளவு பிழையாகக் காட்டுகிறது என்று கண்டறிவதே. பிழை இருப்பது பெரிய குறையன்று. அது எல்லா வெளிச்சத்திலும் ஒரே அளவாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் முகப்பை உள்ளங்கையால் முழுவதும் மூடி, முள்ளைப் பிடித்து நிறுத்தும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி, முள் தொடக்கக் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால், கருவியில் அதற்கான சிறு திருகு இருக்கும் பட்சத்தில் மெல்லத் திருப்பிச் சரிசெய்யலாம். அடுத்து, நிறத்தில் ஏற்றத்தாழ்வில்லாத ஒரு சாம்பல் சுவரையோ அட்டையையோ தேர்ந்து, நம்பகமான டிஜிட்டல் கேமராவின் காட்சி முழுவதையும் அது நிரப்புமாறு வைத்து அளந்து, அதே இடத்தை ஒளிமானியாலும் அளக்க வேண்டும். இதைத் திறந்த வெயில், நிழல், சன்னலோரம், அறையின் உட்புறம் என நான்கு வெளிச்சங்களில் செய்தால் போதும். நான்கிலும் ஏறத்தாழ ஒரு ஸ்டாப் (ஒளி இருமடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்) குறைவாகக் காட்டினால் அந்த மானி பயன்படும். வெயிலில் சரியாகவும் நிழலில் மூன்று ஸ்டாப் தவறாகவும் காட்டினால், அதை அலமாரியில் அழகுக்கு வைத்துக்கொள்ளலாம்; படமெடுக்க நம்ப வேண்டாம். ஒப்பிடக் கருவி ஏதும் இல்லாதவர்களுக்குப் பழைய விதி உதவும்: நல்ல வெயிலில், ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளியுணர்திறன் எண்) 100 ஃபிலிமுக்கு லென்ஸ் திறப்பு எஃப்/16, ஷட்டர் 1/125 நொடி என்ற அளவுக்கு அருகில் வர வேண்டும்.

ஃபிலிம் வேகத்தைப் பொருத்தும் வட்டில் கோஸ்ட் எண்கள் இருக்கும். 1987-க்கு முந்தைய இந்தச் சோவியத் தர எண்கள் 45, 90, 180, 350 என்று செல்லும். இவற்றை முறையே ஐஎஸ்ஓ 50, 100, 200, 400 என்று கொள்ளலாம். இடையிலுள்ள வேறுபாடு ஒரு ஸ்டாப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். இதைப் பற்றி நடக்கும் நீண்ட விவாதங்களுக்கு இவ்வளவு சிறிய வேறுபாடு தகுதியானதே அன்று. மானியின் நிலையான பிழையைத் திருத்துவதற்கும் இதே வட்டுதான் இடம். மானி ஒரு ஸ்டாப் குறைவாகக் காட்டுகிறது என்றால், ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 90-க்குப் பதிலாக 180-இல் வையுங்கள். அதன்பின் ஒவ்வொரு படத்துக்கும் மனக்கணக்குப் போட வேண்டியதில்லை. ஷட்டர் எண்களிலும் சிறு முரண் வரலாம்: பழைய ஃபெட், ஜோர்கி கேமராக்களில் 1/25, 1/50, 1/100 என்றிருக்க, மானியில் 1/30, 1/60, 1/125 என்றிருந்தால் அருகிலுள்ள எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

மானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணிக்கொள்ளும். பனி மூடிய தெருவை அளந்து அப்படியே எடுத்தால் பனி சாம்பலாகப் பதியும். ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூடுதலாக ஒளி விட வேண்டும். கறுப்புக் கோட்டு அணிந்தவரை அருகிலிருந்து அளந்தால் இதற்கு எதிர்மாறாகச் செய்ய வேண்டும். இம்மானியின் பார்வைக் கோணம் அகலமானது; நேராக நீட்டிப் பிடித்தால் வானமும் உள்ளே வந்துவிடும், நிலம் இருண்டுபோகும். எனவே நிலக்காட்சியில் மானியைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடிப்பதும், மனிதரை எடுக்கையில் முகத்தை நெருங்கி, உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் அளப்பதும் நல்லது. நெருங்க முடியாத இடத்தில், அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்ளலாம்.

மானியுடன் வந்த, ஒளியைப் பரப்பும் பால்நிறத் தகடு தொலையாமல் இருந்தால் இதைவிட நல்ல வழி உண்டு. அத்தகட்டை முகப்பின் மேல் பொருத்தி, படமெடுக்கப்படும் பொருளின் அருகில் நின்று, மானியைக் கேமராவை நோக்கித் திருப்பி அளந்தால், பொருளின் நிறம் கணக்கில் குறுக்கிடாது. விழும் ஒளி மட்டுமே அளக்கப்படும். வாங்கும்போதே இத்தகடு உடன் இருக்கிறதா என்று பார்ப்பது விலையில் பேரம் பேசுவதைவிட முக்கியம்.

மாலை மங்கியபின் செலினியம் சோர்ந்துவிடும்; முள் அசைந்தும் அசையாமலும் நிற்கும். அப்போது ஒரு வெள்ளைத் தாளைப் பொருளின் இடத்தில் வைத்து அளந்து, கிடைத்த அளவைவிட ஏறத்தாழ இரண்டேகால் ஸ்டாப் அதிகம் விடுங்கள். வெள்ளைத் தாள் நடுத்தரச் சாம்பலைவிடச் சுமார் ஐந்து மடங்கு ஒளியைத் திருப்பித் தருவதால் முள் படிக்கக்கூடிய இடத்துக்கு நகரும். அதற்கும் நகராத வெளிச்சத்தில் மானியை உறையில் வைத்துவிட்டு, முக்காலியில் கேமராவை நிறுத்தி, ஒரே காட்சியை ஒவ்வொரு ஸ்டாப் வேறுபாட்டில் மூன்று முறை எடுப்பதே வழி.