நாவல், சினிமா, ஓவியம்: மூன்றையும் சேர்த்து ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு

முதுகலை முதல் பருவத்தில் நான் எழுதிக் கொடுத்த கட்டுரை, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வந்தது: "படம் எங்கே?" இருபது பக்கமும் ஒரு திரைப்படத்தைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். ஆனால் கதையையும் வசனத்தையும் எடுத்து நாவலோடு ஒப்பிட்டிருந்தேனே தவிர, ஒரு ஷாட்டைக்கூட (வெட்டில்லாமல் தொடர்ந்து ஓடும் ஒரு படத்துண்டு) விவரிக்கவில்லை. இலக்கியம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். அதனால், விண்ணப்பம் போடும் முன் கண்ணையும் காதையும் பழக்குங்கள்.

மூன்று நிமிடக் காட்சி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அப்புறம் திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை விநாடி, கேமரா எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நகர்கிறதா, ஃப்ரேமுக்குள் யார், என்ன கேட்கிறது. முதல் தடவை எனக்கு இதற்கு அரை நாள் பிடித்தது. அந்த அரை நாளில் கிடைத்த கேள்விகள் அதற்கு முன் படித்த எந்தக் கோட்பாட்டு நூலிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஒரு உதாரணம். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' 1929-இல் நூலாக வந்தது. அதில் சிறுவன் அப்புவின் அக்கா துர்கா கடைசிவரை ரயிலைப் பார்க்காமலே இறந்துபோகிறாள். சத்யஜித் ரே 1955-இல் எடுத்த படத்தில் ரயில் வருகிறது. நாணல் பூத்த வெளி, தந்திக் கம்பத்தின் ரீங்காரம், பிறகு கரும்புகை. கேமரா தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறது. ஓடும் சக்கரங்களுக்கு நடுவே அப்பு விட்டுவிட்டுத் தெரிகிறான்.

"இயக்குநர் ஏன் மாற்றினார்?" என்று கேட்டால் ஒரு பத்தியோடு முடிந்துவிடும். நாவலில் பார்க்கக் கிடைக்காத ரயில்தான் ஏக்கமாகிறது. படத்தில் ரயில் கண்முன் வந்த பிறகு அந்த ஏக்கம் எங்கே போய் உட்காருகிறது? இப்படிக் கேட்டால் ஒரு அத்தியாயமே எழுதலாம். இன்னொன்றும் உண்டு. படம் எடுப்பதற்கு முன்பே, இதே நாவலின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு ரே ஓவியம் வரைந்திருந்தார். படத்துக்கும் முழுத் திரைக்கதை எழுதாமல், காட்சிகளைக் கோட்டோவியங்களாகவே போட்டு வைத்துக்கொண்டார். ஆக, எழுத்துக்கும் திரைக்கும் நடுவில் ஓவியம் நிற்கிறது. நாவல் மூலம், படம் நகல் என்ற எண்ணத்தை அந்தக் கோடுகளே உடைத்துவிடுகின்றன.

உங்கள் ஆய்வு முன்மொழிவையும் இப்படிச் சோதித்துப் பாருங்கள். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டாலும் கேள்வி அப்படியே நிற்கிறது என்றால், அந்த ஒன்று வெறும் ஒட்டு. எடுத்துவிடுங்கள், அல்லது கேள்வியை மாற்றுங்கள்.

வாசிப்பைப் பொறுத்தவரை முதலில் படங்களை எப்படிப் பார்க்கிறோம் என்று பேசும் ஜான் பெர்ஜரின் 1972 தொலைக்காட்சித் தொடர் 'Ways of Seeing', நான்கே பகுதிகள். அடுத்து, சினிமா பெண்ணை எப்படிப் பார்க்க வைக்கிறது என்று லாரா மல்வி 1975-இல் எழுதிய 'Visual Pleasure and Narrative Cinema' கட்டுரை. அதற்குப் பிறகு, கவிதைக்கும் ஓவியத்துக்கும் எல்லை போட்ட ஜெர்மன் எழுத்தாளர் லெஸ்ஸிங்கின் 1766 நூலான 'லாவோகூன்' (Laokoon) பக்கம் போனால், இந்த விவாதம் எவ்வளவு பழையது என்று புரியும்.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அதே படிப்பு ஓரிடத்தில் ஒப்பிலக்கியத் துறையிலும், இன்னோரிடத்தில் சினிமாத் துறையிலும், வேறோரிடத்தில் கலை வரலாற்றுத் துறையிலும் இருக்கும். எந்தத் துறையோ, அதன் வாசிப்புப் பட்டியல்தான் உங்கள் தலையில் ஏறும். பின்னால் வேலைக்குப் போகும்போதும் பெரும்பாலும் "நீங்கள் எந்தத் துறை?" என்றுதான் கேட்பார்கள். ஒரு காலையாவது ஒரு துறையில் அழுத்தமாக ஊன்றிக்கொள்ளுங்கள். நெறியாளராக வரக்கூடியவர் இரண்டு ஊடகங்களையாவது சேர்த்து எழுதியிருக்கிறாரா என்று அவருடைய அண்மைக் கட்டுரைகளைப் படித்துப் பாருங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு வருடத்தை இழந்தேன்.

எஸ்.ஓ.பி.யில் (விண்ணப்பத்தோடு அனுப்பும் நோக்க அறிக்கை) "சிறுவயதிலிருந்தே சினிமா பிடிக்கும்" என்று தொடங்க வேண்டாம். உங்களைத் தூங்கவிடாத ஒரு ஷாட், ஒரு வரி, அல்லது ஒரு ஓவியத்திலிருந்து தொடங்குங்கள்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் எழுத்து மாதிரியில் ஸ்டில்களை (படத்திலிருந்து எடுத்த நிலைப்படங்கள்) கடைசியில் கொத்தாகச் சேர்க்காதீர்கள். வாதம் எங்கே வருகிறதோ அங்கேயே வையுங்கள். ஸ்டில்லின் எண்ணும், அது படத்தில் வரும் நேரமும் கீழே இருக்கட்டும். எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்பதையும் முதல் நாளே குறித்து வையுங்கள். மறுசீரமைத்த பிரதியில் நிறமும் ஒலியும் மாறலாம், சில பிரதிகளில் காட்சியே வெட்டுப்பட்டிருக்கும். அப்போது நீங்கள் எண்ணி வைத்த விநாடிகள் அடுத்தவர் பார்க்கும் பிரதியோடு ஒத்துப்போகாது.