மறைந்த கனிமப் படிவைத் தேடக் காந்தப் படத்தையும் ஈர்ப்புப் படத்தையும் சேர்த்து வாசிக்கும் முறை

தென் ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் செம்பு, யுரேனியம், தங்கப் படிவு 300 மீட்டருக்கும் அதிகத் தடிமனுள்ள படிவுப் பாறைகளுக்கு அடியில் இருக்கிறது. 1975இல் வெஸ்டர்ன் மைனிங் கார்ப்பரேஷன் அங்கே துளையிட்டதற்கு, காந்தப்புலமும் ஈர்ப்பும் ஒரே பகுதியில் உயர்ந்திருந்ததும், நீண்ட பிளவுக் கோடுகள் பற்றிய ஆய்வும் காரணங்கள்.

முதலில், உங்கள் குறுகிய தேடல் பரப்பை ஒதுக்கிவிட்டு, அதைச் சூழ்ந்த சில நூறு கிலோமீட்டர் வட்டாரத்தைப் பாருங்கள். காந்தப் படத்தில், அதாவது காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறுவதைக் காட்டும் வரைபடத்தில், வரிகள் திடீரென முறியும் இடத்தையும், சற்றே விலகித் தொடரும் இடத்தையும் பிளவாகக் கருதிக் குறிக்கலாம். ஈர்ப்பு மாறுவதைக் காட்டும் ஈர்ப்புப் படத்தில், ஈர்ப்பு நீண்ட தொலைவுக்குச் சரிந்து செல்லும் கோடு, அடர்த்தி வேறுபட்ட இரு புவியோட்டுப் பகுதிகளின் எல்லையாக இருக்கக்கூடும். கனிமம் சுமந்த வெந்நீர் மேலேற இவையே வழி என்பதால், உச்சங்களைத் தேடுமுன் கோடுகளை வரைவதே என் பரிந்துரை.

அடுத்தது திருத்தங்கள். ஈர்ப்பளவீட்டில் உயரம் ஒரு மீட்டர் பிசகினால் சுமார் 0.2 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறு அலகு) பிழை சேரும். காந்த அளவீட்டில் நாள் முழுவதும் மாறும் புலத்தை நிலையான ஒரு கருவியால் பதிந்து கழிக்க வேண்டும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: புவிக்காந்தப்புலம் இங்கே ஏறத்தாழக் கிடையாக இருப்பதால், காந்தப் பாறைக்கு நேர்மேலே உயர்வுக்குப் பதில் தாழ்வே தெரியலாம், துருவத்தில் அளந்ததுபோல் உயர்வைப் பாறைக்கு நேர்மேலே கொண்டுவரும், துருவத்துக்கு மாற்றும் கணக்கீடும் இந்த அட்சரேகைகளில் இரைச்சலைப் பெரிதாக்கிவிடும்.

இரு படங்களும் ஒத்துப்போகாத இடத்தில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மேக்னடைட் என்ற இரும்புக் கனிமம் கனமானது, காந்தத்தன்மை மிக்கது; ஹெமடைட் என்ற மற்றோர் இரும்புக் கனிமம் ஏறக்குறைய அதே கனம், ஆனால் காந்தத்தன்மை மிகக் குறைவு. ஒலிம்பிக் டாமில் தாது பெரும்பாலும் ஹெமடைட் மிகுந்த நொறுங்கு பாறையில் இருப்பதால், ஈர்ப்பு மட்டும் உயர்ந்த இடத்தைத் தள்ளிவிடுவது தவறு. மாறாக, இரண்டும் உயர்ந்த இடம் தாதுவற்ற வெறும் காப்ரோ என்ற கனத்த எரிமப் பாறையாகவும் முடியலாம்.

ஆழத்தை மதிப்பிட, கோளம்போன்ற பாறைக்கு, ஈர்ப்பு உச்சத்தின் பாதியாகக் குறையும் தொலைவை மையத்திலிருந்து அளந்து 1.3ஆல் பெருக்குங்கள். கிடைப்பது கோளத்தின் மைய ஆழமே. துளையிடும்போது கோளத்தின் மேல்முனை அதற்கு முன்பே வந்துவிடும். ஒரே அளவீட்டுக்குப் பல பாறை வடிவங்கள் பொருந்துமாதலால், முதல் துளையின் பாறைத்துண்டுகளில் அடர்த்தியையும் காந்த ஏற்புத்திறனையும் (பாறை எவ்வளவு எளிதாகக் காந்தமாகும் என்ற அளவு) அளந்து, நிலத்தடிப் பாறை வடிவத்துக்கான கணக்கீட்டு மாதிரியைத் திருத்திய பின்னரே இரண்டாம் துளையின் இடத்தை முடிவுசெய்யுங்கள்.