ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணம்: வீட்டு வாசல்வரை எத்தனை மணி நேரம்?

ரொறன்ரோவுக்கும் கொழும்புக்கும் இடையே ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர். ஒன்று மேற்கு நெடுங்கோடு 79 பாகையை ஒட்டியும் மற்றது கிழக்கு நெடுங்கோடு 80 பாகையை ஒட்டியும் இருப்பதால், இரண்டுக்கும் இடையிலான மிகக் குறுகிய பாதை ஆர்க்டிக் வட்டத்துக்குள் ஏறி இறங்குகிறது. ஆனால் அந்தப் பாதையில் நேரடி விமானம் கிடையாது. அத்திலாந்திக்கைக் கடந்து லண்டனிலோ டுபாயிலோ வேறெங்கோ மாறித்தான் போக வேண்டும்.

டுபாய் வழியென்றால் முதல் பறப்பு சுமார் 13 மணி நேரம், அடுத்தது நாலரை மணி நேரம். இடைத்தங்கலையும் சேர்த்தால் 22 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்பி வரும்போது மேல்வானில் எதிர்க்காற்று வீசுவதால் நீண்ட பறப்பு இன்னும் ஒரு மணி நேரம்வரை கூடும்.

பலர் இத்துடன் கணக்கை நிறுத்திவிடுகிறார்கள். குளிர்காலத்தில் இலங்கை நேரம் ரொறன்ரோவைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, கோடையில் ஒன்பதரை. சனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்குப் புறப்பட்டால், கொழும்புக்கான விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவில் இறங்குவது ஞாயிறு அதிகாலை ஐந்தரைக்கு. குடிவரவு, பெட்டிகள் எல்லாம் முடித்து வெளியே வர ஏழு மணியாகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு 350 கிலோமீட்டருக்கு மேல். வான் வண்டியில் ஏழு மணி நேரமாவது பிடிக்கும். வீட்டு வாசலை மிதிக்கும்போது ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி.

செத்த வீட்டுக்கு ஓடுகிறவர்கள் இந்தக் கணக்கைக் கட்டாயம் போட வேண்டும். "நாளைக்கு வந்துவிடுவேன்" என்று தொலைபேசியில் சொன்னால், ஊரில் அதை நம்பித்தான் கிரியைக்கு நேரம் குறிப்பார்கள். விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாமல், வீடு வந்து சேரும் நேரத்தை இலங்கைக் கிழமையோடு சொல்லுங்கள். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதா இல்லையா என்பது அந்த ஒரு தகவலில் தங்கியிருக்கலாம்.

இரண்டு பறப்புகளையும் ஒரே டிக்கெட்டில் எடுங்கள். தனித்தனியாக வாங்கினால் மலிவாகத் தெரியும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால் புதிய டிக்கெட்டுக்கு நீங்களே பணம் கட்ட நேரலாம். முதியவர்கள் கூட வந்தால் இடைத்தங்கல் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். சக்கர நாற்காலியை முற்பதிவின்போதே கேட்டுவிடுங்கள். மருந்துகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

சென்னை வழியாக யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குப் பறப்பதும் உண்டு. சென்னையிலிருந்து அது ஒன்றேகால் மணி நேரப் பறப்புத்தான். சிறிய விமானம் என்பதால் பயணப்பொதி அளவு மிகவும் குறைவு. சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்து மீண்டும் ஏறுவதானால் இந்திய விசாவும் வேண்டும். பொதிகளோடு குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கட்டுநாயக்காவே வசதி.

யாழ்ப்பாணம் போக விமான நிலையத்திலிருந்து கொழும்புக்குள் போகத் தேவையில்லை. நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று வடக்கே ஏறிவிடலாம். நள்ளிரவில் இறங்கினால் நீர்கொழும்பில் அறை எடுத்துத் தூங்கிவிட்டு, விடிந்தபின் வான் வண்டியில் ஏறுங்கள். சாரதியும் அன்றிரவு நன்றாகத் தூங்கியவராக இருக்க வேண்டும்; வானைப் பேசும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.