பேச்சு கேட்கப் போகும்போது பழைய பத்திரமும் கையில் இருக்கட்டும்

ஆவணக் காப்பகத்தில் ஊர் வரலாறு, வம்சாவளி பற்றிப் பேச்சு நடந்தால் வெறுங்கையோடு போகாதீர்கள். வீட்டிலுள்ள பழைய பத்திரத்தைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் குமரி மாவட்டம் 1956 அக்டோபர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், பல பத்திரங்கள் மலையாளத்தில், கொல்லம் ஆண்டோடு (மலையாள நாட்காட்டி ஆண்டு) இருக்கும். ஆங்கில ஆண்டு தெரிய அதோடு 825-ஐக் கூட்டுங்கள்; ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை என்றால் 824. எங்கள் தாத்தா பத்திரத்தில் மங்கிய மையில் '1101 மகரம்' என்றிருந்தது. மகரம் நம் தை மாதம்; அதாவது 1926-இன் தொடக்கம். கண்டுபிடித்தபோது உடம்பே சிலிர்த்துவிட்டது! எழுத்து புரியாவிட்டால், பேச்சு முடிந்ததும் பேசியவரிடம் காட்டுங்கள்.

அப்புறம், கிளம்பும் முன் பாட்டியிடம் பழைய வீட்டுப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் பதிவேட்டில் நம் ஆளை அடையாளம் காண அதுதான் கைகொடுக்கும்.