தாய்லாந்து ஓய்வுக்கால விசா: பணத்தைப் பிரித்து அனுப்புங்கள்

50 வயது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். விசாவை ஓராண்டு நீட்டிக்க 8 லட்சம் பாட் (தாய்லாந்து நாணயம்), அங்குள்ள வங்கியில் உங்கள் பெயரில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க 2 மாதம் முன்பிருந்தே போட்டு வைத்து, அனுமதி கிடைத்த பின் 3 மாதமும் தொடக்கூடாது. பிறகும் 4 லட்சத்துக்குக் கீழே இறங்கினால் அடுத்த நீட்டிப்பு சிக்கலாகிவிடும். பலர் இடறுவது இங்கேதான்.

பொள்ளாச்சியில் தோப்பு விற்ற பணமானாலும் இங்குள்ள வங்கியில் ஏ2 படிவம் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பம்) கொடுத்தே அனுப்ப வேண்டும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாயைத் தாண்டும் தொகைக்கு 20% டிசிஎஸ் (வங்கி முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஆகவே மார்ச்சில் பாதி, அடுத்த நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் மீதி அனுப்புவது நல்லது.

ஊர்க் கல்யாணத்துக்கு வருவதென்றால், கிளம்பும் முன்பே மறுநுழைவு அனுமதி வாங்குங்கள். இல்லையேல் விசா அத்தோடு ரத்து.